அரியமுத்து என்ற பெயரில்

லாரி மேடையில் ஏறி நின்றதும் மலர்கொடி முதலில் பார்ப்பது எடை காட்டும் சிவப்பு எண்களை அல்ல. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டிரைவர் இருக்கையைப் பார்க்கிறார். அப்புறம் கிளீனர் இருக்கை, அதன் பிறகு வண்டியின் அடிவயிற்றில் தொங்கும் ஸ்டெப்னி. "எறங்குங்கண்ணே. ரெண்டு பேரும் எறங்குங்க. பின்னாடி லோடு மேல யாரு ஒக்காந்திருக்கறது? அவரையும் எறங்கச் சொல்லுங்க." எல்லாரும் இறங்கி நாலடி தள்ளி நின்ற பிறகுதான் பொத்தானை அமுக்குகிறார். வெளியே வருகிற சீட்டையும் ஒரு தடவை தானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறார். சொந்த இயந்திரத்தின் மேலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் இருக்கிற தனியார் எடைமேடை அது. 'வே பிரிட்ஜ்' என்றால்தான் யாருக்கும் தெரியும். மலர்கொடிக்கு நாற்பத்தேழு வயது. பதினோரு வருடமாக இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சுண்ணாம்புக்கல், கிராவல், தைலமரக் கட்டை, பழைய இரும்பு எல்லாம் வருகிறது. கூடவே தில்லுமுல்லும் வருகிறது. கட்டை ஏற்றி வருகிறவர்கள் வழியில் எங்காவது நிறுத்திக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்துக் கொண்டுவருவார்கள். லோடு எடை போடும்போது பத்திரமாக இருந்த ஸ்டெப்னி, இறக்கிவிட்டு வந்து காலி எடை போடும்போது மாயமாகிவிடும். ஒருவர் டூல்ஸ் பெட்டி நிறைய ஜல்லியை நிரப்பிக்கொண்டு வந்தாராம். "வண்டி பொய் சொல்லாது சார். ஏத்துறவன்தான் சொல்லுவான்" என்கிறார். ஒரு வண்டி எவ்வளவு தெரிந்த வண்டியாக இருந்தாலும் அதன் பழைய சீட்டை எடுத்துப் பார்க்காமல் புதுச் சீட்டைக் கிழிக்க மாட்டார்.

நான் அவரைப் பார்க்கப் போனது லாரிக்காக இல்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, வண்டி வரத்துக் குறைந்திருக்கும் நேரத்தில், மலர்கொடி இன்னொரு வேலை பார்க்கிறார். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறவர்கள் புனைபெயரில் வந்து எழுதுகிற தமிழ் இணையக் குழுமம் ஒன்று இருக்கிறது. அதில் பதில் எழுதும் தொண்டர்களில் அவரும் ஒருவர். குழுமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இப்படிப்பட்டவர்கள் இரவில்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். மலர்கொடி கையை ஆட்டி மறுத்தார். "மத்தியானம் சார். சோத்துக்கப்புறம். வூட்டுல எல்லாரும் படுத்துருவாங்க. முழிச்சிருக்கறவங்களுக்குப் பேச ஆளிருக்காது."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இடங்களின் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. சாக நினைக்கிற ஒருவர் பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்கிறார்? அந்த முகம் தெரியாதவர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எதற்காகக் கேட்கிறார்? இதில் யாருக்காவது ஏதாவது ஆதாயம் இருக்கும் என்பது என் எண்ணம். குழுமத்தை நடத்துகிற கலையரசி பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. அவரிடம் இதைக் கேட்டபோது கோபப்படவில்லை. "எங்ககிட்ட அரியமுத்துன்னு ஒருத்தர் இருக்கார். உங்களைவிட சந்தேகப் பிராணி. அவரப் போய்ப் பாருங்க" என்று முகவரி கொடுத்தார். அரியமுத்துவைத் தேடிக்கொண்டு வந்த இடத்தில் மலர்கொடி இருந்தார். எடுத்த எடுப்பிலேயே ஒரு பொய். என் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

"பொம்பள பேர்ல இருந்தா ஒரு மணி நேரத்துல நாப்பது பேரு தனியா வந்து ஹாய்ம்பான்" என்று விளக்கம் சொன்னார். "அதுல ரெண்டு பேரு நெசமாவே மனசு ஒடிஞ்சு வந்தவனா இருப்பான். மிச்ச முப்பத்தெட்டுல அவனத் தேடிப் புடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். ஆம்பள பேருன்னா இந்தத் தொல்ல இல்ல. எல்லாரும் அண்ணேம்பாங்க, அழுவாங்க, சொல்லவேண்டியதச் சொல்லுவாங்க." காரணம் சரிதான். ஆனால் அத்தனை பெயர்கள் இருக்க, அரியமுத்து எதற்கு?

"சும்மா ஒரு பேரு" என்றார். சொல்லிவிட்டு, வராத லாரியைப் பார்க்கிற மாதிரி சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

லாரிக்காரர்களைப் போலவே குழுமத்துக்கு வருகிறவர்களையும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். கதை எழுதிப் பழகுவதற்காக வருகிறவன் ஒரு ரகம். பெண் பெயரில் வந்து ஆறுதல் வாங்கிக்கொண்டு போகிறவன் இன்னொரு ரகம். அனுதாபத்தைக் காட்டித் தொண்டர்களின் போன் நம்பரைக் கறந்துகொண்டு, அப்புறம் கண்ட படத்தையும் அனுப்புகிறவன் மூன்றாவது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒருவன் வந்து மூன்று பேரை அழவைத்துவிட்டுப் போனான். இவர்களையெல்லாம்விட மோசமான ரகம் ஒன்று உண்டு. நொந்துபோய் எழுதுகிறவர்களுக்குக் கீழே போய் 'சொல்லிட்டே இருக்கியே' என்று சீண்டிவிடுகிறவர்கள். அவர்களை மட்டும் எந்த விசாரணையும் இல்லாமல் அடுத்த நிமிடமே வெளியே தள்ளிவிடுகிறார். அதைச் செய்யும்போது அவர் வாயில் வருகிற வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது.

பதில் எழுதுவதற்கு கலையரசி சில விதிகள் வைத்திருக்கிறார். முதல் வரியில் 14416 என்ற அரசு உதவி எண்ணைக் கொடுக்க வேண்டும். தொண்டர்கள் தங்கள் நம்பரைக் கொடுக்கக் கூடாது, நேரில் பார்க்கவும் கூடாது. எழுதுகிறவர் நம்பர் போட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். மலர்கொடி இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். ஆனால் உதவி எண்ணுக்கு அடுத்த வரியில், எந்தப் பயிற்சியிலும் இல்லாத ஒரு கேள்வியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

"சாப்ட்டீங்களா? என்ன கொழம்பு?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "துக்கத்த யாரு வேணாலும் எழுதிடலாம் சார். எங்கேருந்து வேணாலும் பாத்து எழுதலாம். கொழம்ப எழுத முடியாது. பொய்யன்னா யோசிப்பான். அஞ்சு நிமிசம் கழிச்சு சாம்பார்ம்பான். நெசமான ஆளு ஒடனே சொல்லிடும்." பழைய பதில்களைக் காட்டினார். 'நேத்து வெச்ச புளிக்குழம்பு, எனக்குப் பிடிக்காது.' 'மெஸ்ல லெமன் சாதம், வாங்கல.' வளைகுடா நாட்டிலிருந்து ஒருவர்: 'குப்பூஸ், தயிர். மூணு நாளா அதேதான்.' இதைக் கேட்டதும் நிறையப் பேர் அழுதுவிடுவதாகவும் சொன்னார். அவர்களை யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டுப் பல நாள் ஆகியிருக்கும் போலிருக்கிறது.

நான் போன மூன்றாவது நாள் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. இறங்கி நிற்கிற டிரைவர்களில் பாதிப் பேர் நெற்றியில் நாமம் இருந்தது. மஞ்சள் துணி கட்டிய கூட்டம் ஒன்று கோவிந்தா சொல்லிக்கொண்டு சாலையோரமாகக் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. இரண்டேகாலுக்கு, 'ஒத்தப்பனை' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. ஒரு மாதமாக, பெண் என்று சொல்லி எழுதிக்கொண்டிருக்கும் ஆள். அதுவரை பதில் சொல்லிவந்த வேறொரு தொண்டர் விடுப்பில் போனதால் அன்றுதான் முதல் தடவையாக அரியமுத்துவின் பங்குக்கு வந்திருந்தது. முகப்பில் ஆள் படத்துக்குப் பதிலாகத் திருநாமம்.

'அரியமுத்து அண்ணா, நீங்க மத்தவங்களுக்கு எழுதுறதெல்லாம் படிப்பேன். இன்னிக்கு எழுதப் பிடிக்கல. ஒரு குரல் கேக்கணும். ஒரே ஒரு தடவை பேசுறீங்களா? நான் உடையார்பாளையம் பக்கம்தான்.' கீழே ஒரு போன் நம்பர்.

மலர்கொடியின் புருவம் உயர்ந்தது. நம்பரை ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, குழுமத்திலிருந்து அதை அழித்தார். "கொரல் கேக்கணுமாமே. இப்புடித்தான் ஆரம்பிப்பானுங்க" என்று முணுமுணுத்தபடி உதவி எண்ணை எழுதினார். அடுத்து, வழக்கமான கேள்வி.

பதில் உடனே வந்தது. 'கறிக்குழம்பு.'

மலர்கொடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா சார்? புரட்டாசி மூணாஞ் சனி. படத்துல நாமத்தப் போட்டுக்கிட்டு கறிக்கொழம்பாம்! உடையார்பாளையத்துல கறிக்கடைக்காரன் ஈ ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான். பெருமாளக் கும்புடற வூட்டுல இந்த மாசத்துல முட்ட ஓடுகூட உள்ள போவாது. எவனோ அசலூரு ஆம்பள. நம்பர் புடிக்க வந்தவன். நாமப் படத்தப் போட்டா நம்பிருவோம்னு நெனச்சிருக்கான், மாசத்தப் பாக்க மறந்துட்டான்." சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று தட்டினார். 'நீ பொண்ணும் இல்ல, இந்த ஊரும் இல்ல. இது ஃபேக் ஐடி. இங்க வந்து வெளையாடாத.' அடுத்த ஒரு நாளைக்கு ஒத்தப்பனை எதுவும் எழுத முடியாதபடி அடைத்தும் விட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு குழம்பை வைத்து ஒரு பொய்யனைப் பிடிக்கிற காட்சி, அதுவும் என் கண்ணெதிரே. நோட்டில் வரிக்கு வரி எழுதிக்கொண்டேன். கட்டுரை முடிந்தது, சாயந்திர பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் ஒரு டிப்பர் வந்தது. டிரைவரை இறக்கிவிட்டு, ஸ்டெப்னியைப் பார்த்து, பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் ஒத்துப்பார்த்து அனுப்பினார். பத்து நிமிடம் போயிருக்கும். இந்த ஒத்தப்பனை இதற்கு முன்னால் என்னென்ன பொய் எழுதியிருக்கிறான், கட்டுரைக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"அதுக்கென்ன" என்று பழைய செய்திகளைத் தேடிப் பிடித்து, குரலை இழுத்து நக்கலாகவே படிக்க ஆரம்பித்தார். "கல்யாணமாகி ஒம்பது வருசம். கொழந்தை இல்ல. ஐப்பசியில அவருக்கு ரெண்டாவதா முடிக்கப் போறாங்க. பொண்ணு பாக்க என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, தாம்பாளத்த என் கையிலதான் குடுத்தாங்க. ஒம்பது வருசமும் புரட்டாசி பூரா விரதம் இருந்து, மூணாஞ் சனிக்குக் கல்லங்குறிச்சிக்கு நடந்தே போயிருக்கேன். இந்த வருசம்..."

குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை வாய்க்குள்ளேயே படித்தார். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தார். நான் எட்டிப் பார்த்தேன். 'இந்த வருசம் போகப்போறதில்ல. விரதமும் இருக்கப்போறதில்ல. கேட்டது போதும்' என்று இருந்தது.

"பொய் இல்ல சார்" என்றார் மலர்கொடி. எனக்கு உடனே பிடிபடவில்லை. "ஒம்பது வருசம் இருந்தவ. இன்னிக்குப் பாத்து, மூணாஞ் சனிக்குப் பாத்து, கறி திங்கறான்னா என்ன அர்த்தம்? இனிமே எந்தச் சாமிகிட்டயும் கேக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அதத்தான் ஒரே வார்த்தையில சொல்லியிருக்கா. நான் அவள வெளையாடாதேன்னு சொல்லிட்டேன்." மேஜையில் கிடந்த சீட்டுகளைக் காட்டினார். "ஒரு கிராவல் வண்டிக்குப் பழைய சீட்டப் பாக்கறேன். இந்தப் புள்ளைக்குப் பாக்கல."

அடைத்ததைத் திறந்தார். 'மன்னிச்சுக்கம்மா. நான்தான் தப்பு. நீ சொன்னது நெசம்தான்னு தெரிஞ்சுபோச்சு. இருக்கியா?' பதில் இல்லை. கலையரசியைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு திட்டும் வரவில்லை. நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, உதவி மையத்து ஆலோசகரை வைத்துப் பேசவைக்கிறேன் என்றார். கால் மணி கழித்து அவரே கூப்பிட்டார். ரிங் போகிறது, தெரியாத நம்பரை அந்தப் பெண் எடுக்கவில்லை. உடையார்பாளையம் பக்கம் என்பதற்கு மேல் எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கும் தெரியாது. போலீஸில் சொல்லியிருக்கிறது, நம்பரை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

மலர்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான், நான் கேட்காமலே சொன்னார். "அரியமுத்து எந் தம்பி சார். ஏழு வருசம் ஆச்சு. அவனும் ஒரு குரூப்புல எழுதியிருக்கான். எங்கயோ இருக்கற குரூப்பு. அவன் போன பொறவு செல்ல எடுத்துப் பாத்தோம். எம் பக்கத்து ரூம்புல ஒக்காந்துக்கிட்டு எழுதியிருக்கான். ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்த சொல்லல. ஒருத்தன் மட்டும் கீழ எழுதியிருந்தான், இது ஃபேக் ஐடின்னு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் யாருன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நானே எழுதிட்டேன்."

அந்தச் செய்தியை அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தவன் நான். என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அது பாராட்டாகவே இருந்தது. வெட்கமாக இருந்தது.

மூன்றரைக்குத் திரையில் ஒரு வரி வந்தது. 'எழுதினா பொய்ங்கறீங்க.' மலர்கொடி எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த வரி: 'குரல் கேட்டா நம்புவீங்களா அண்ணா?'

கலையரசி போனில் இருந்தார். "அவங்க கேக்கறது உங்களத்தான். வேற யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாங்க. நீங்க பேசுங்க. பேசி நிறுத்தி வைங்க, நான் ஆலோசகர லைன்ல சேக்கறேன். ரூல நான் பாத்துக்கறேன்."

மலர்கொடி தயங்கினார். பதினோரு வருடத்தில் எந்த டிரைவரிடமும் பயப்படாதவர் அப்போது பயந்ததை நான் பார்த்தேன். "நான் வாயத் தெறந்தா பொம்பளன்னு தெரிஞ்சிடுமே மேடம். அண்ணன்னு நம்பிக் கேக்கறா. இவளும் ஏமாத்திட்டான்னு ஆயிட்டா? அந்தப் புள்ளைக்கு மிச்சம் இருக்கறது இந்த ஒரு நம்பிக்கதான். அதுவும் போயிடுச்சுன்னா என்ன பண்ணுவா?"

"அப்ப அதையே மொதல்ல சொல்லிடுங்க" என்றார் கலையரசி.

'இப்ப என் போன்லேருந்து கூப்புடறேன். எடு' என்று எழுதிவிட்டு, மலர்கொடி சீட்டைத் திருப்பி நம்பரைப் பார்த்து அழுத்தினார். அதே நேரத்தில் கட்டை ஏற்றிய லாரி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இன்ஜினை அணைக்கச் சொன்னார். டிரைவர் ஏதோ கேட்கப்போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அணைத்தார். நாலைந்து முறை ரிங் போனது. எடுக்கும் சத்தம் கேட்டது. மூச்சு மட்டும் வந்தது.

"நான்தாம்மா" என்றார். "அரியமுத்து பேர்ல எழுதறது நான்தான். அண்ணன் இல்ல. பொம்பள. எம் பேரு மலர்கொடி. செந்துறை ரோட்டுல வே பிரிட்ஜுல வேல பாக்கறேன். அரியமுத்து எந் தம்பி, இப்ப இல்ல. பொய் சொன்னது நீ இல்லம்மா, நானு. திட்டணும்னா திட்டு. போன வெக்காம திட்டு."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தச் சின்ன அறையில் எனக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா" என்று வந்தது. அதற்குப் பிறகு அழுகை.

"சொல்லு. நான் எங்கயும் போவல. சொல்லும்மா. ம்."

அடுத்து அந்தப் பெண் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் முன்னால் நகர்த்திப் பேனாவைத் திறந்தேன். மலர்கொடி ம் கொட்டுவதை நிறுத்தாமலே கையை நீட்டி என் நோட்டை மூடினார், அதை எடுத்து என் மடியில் வைத்தார், கதவைக் காட்டினார்.